ஏலக்காய் போட்ட பாகு

காணாமல் போனவர்கள் ஆயிரம் பேருக்குக் குறையாது. அத்தனை பேரும் பெண்கள்.

காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். போக வேண்டிய இடம் வாசலிலிருந்து இருபது கஜ தூரம். அங்கே வெள்ளரிக்கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூ விரித்துக் காத்துக் கிடந்தது. ஒருத்திகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடிக்கு மேலே ஆள் உயரத்தில் ஒரு வட்டம் அடித்தார்கள். பிறகு நேர் கிழக்கே, சங்கரன்கோவில் கோபுரத்தைக் குறிவைத்துப் பறந்துவிட்டார்கள்.

தேனீப் பெட்டியின் பக்கத்தில் மூன்று பேர் அண்ணாந்து நின்றார்கள். தோட்டத்துக்காரர் சிவராமலிங்கம். அவர் மனைவி பகவதி. பெட்டியைக் கொண்டுவந்து வைத்த ஜெயசிங்.

"எங்கனவே போகுது?" என்றார் சிவராமலிங்கம்.

"ஊருக்குள்ள போகுது அண்ணாச்சி."

"ஊருக்குள்ள என்ன, வெள்ளரியா போட்டிருக்கு?"

"இன்னைக்குத் தேரோட்டம்லா," என்றாள் பகவதி. "தேர் பாக்கப் போகுதுவளோ என்னமோ."

யாரும் சிரிக்கவில்லை. அன்று திங்கள்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கொடியில் பிஞ்சு நிற்காவிட்டால், அவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் பூட்டிவிட்டு அம்பாசமுத்திரம் போக வேண்டும்.

சிவராமலிங்கம் ஒன்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். பிறர் எழுதியதைப் பார்த்துப் பார்த்து எழுதி, வலது கை நடுவிரலில் காய் விழுந்த மனிதர். மாமா வழியில் ஒரு கிணற்றுத் தோட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது. ஊருக்கு மேற்கே, ராயகிரி போகிற ரோட்டில், அரை மைல். அதைக் கண்டதும் உத்தியோகத்தை விட்டார். மூக்குப்பொடியை மட்டும் விடவில்லை.

மாசியில் வெள்ளரி ஊன்றினார். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவனுக்குத் தண்ணீரைவிட வெள்ளரிப்பிஞ்சுதான் கண்ணில் படும். குளத்து வண்டல் அடித்தார், எரு போட்டார், கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார். கொடி பாய் விரித்தது. பூ பூத்தது. பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனி போலப் பிஞ்சும் தெரிந்தது. மூன்றாம் நாள் அது மஞ்சளடித்து, சுருங்கி, கீழே விழுந்தது. போன வருஷமும் அப்படித்தான். இந்த வருஷமும் அப்படித்தான்.

"கண்ணு பட்டுட்டு," என்றாள் தோட்டத்தில் வேலை பார்க்கும் இசக்கித்தாய். ஓட்டைப் பானையில் சுண்ணாம்புப் புள்ளி குத்திக் கம்பில் கவிழ்த்தாள். பானைக்குக் கண் திறந்ததே தவிர, பிஞ்சு நிற்கவில்லை.

உண்மைக் காரணத்தைச் சொன்னவன் ஜெயசிங். நாசரேத்துப் பையன், இருபத்தாறு வயது. குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுக்க வந்திருந்தான். பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைவான். ஜனங்கள் அவனை 'ஈ வாத்தியார்' என்றார்கள்.

"அண்ணாச்சி, அந்தப் புளியமரத்துல முன்ன கூடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. முந்துன வருசம் தை மாசம் தேன் எடுக்கோம்னு எவனுவளோ ஓலையைக் கொளுத்திக் காட்டி எரிச்சுட்டானுவ."

"அதான். ஆண் பூ வேற, பெண் பூ வேற. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மகரந்தம் கொண்டு போக ஆள் கிடையாது. கல்யாணம் முடியாத வீட்ல தொட்டில் கட்டிப் பாத்தா பிள்ளை வருமா?"

இசக்கித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பூவரசு நிழலில் பெட்டி வைத்தாகிவிட்டது. ஒரு மாதம் ஆயிற்று. பெட்டிக்குள்ளே தேன் ஏறியது. கொடியில் பிஞ்சு ஏறவில்லை. காரணம், வேம்பு. ரோடு நெடுக அத்தனை வேப்பமரமும் ஒரே நேரத்தில் பூத்துக் கொட்டியது. பஸ்ஸில் போகிறவன்கூட மூச்சை இழுத்து விடுகிற மணம். அதை விட்டுவிட்டு எந்த ஈ வெள்ளரிக்கு வரும்?

"பூவுக்கு வாய் கிடையாது பாத்துக்கிடுங்க," என்று ஒருநாள் வரப்பில் குந்தியபடி ஜெயசிங் சொன்னான். "வாசம்தான் அதுக்கு வாய். இதழுக்குள்ள ஒரு எண்ணெய் மாதிரி ஊறும். வெயில் பட்டா ஆவியாப் பறக்கும். நம்ம மூக்குக்கு அது ஒரே வாசம். ஆனா உள்ள பத்துப் பதினைஞ்சு சரக்கு இருக்கும். அக்கா மசாலா அரைக்காங்கள்ல, அந்த மாதிரி. பூவுக்குப் பூ கைப்பக்குவம் வேற."

"ஈக்கு மூக்கு எங்கன இருக்கு தம்பி?" என்றாள் பகவதி.

"ரெண்டு மீசை இருக்குல்லா, அதான் மூக்கு. ஒரு ஈ போயித் தேன் குடிச்சுட்டு வந்தா, மத்ததெல்லாம் அதைச் சுத்தி நின்னு மோந்து பாக்கும். என்ன வாசம் ஒட்டிருக்கோ அந்த வாசத்தைத் தேடித்தான் மறுநாள் கிளம்பும்."

"இன்னைக்கு எந்த வீட்டுல விருந்துன்னு மேல் வாசத்துலயே கண்டுபிடிச்சிருதாக்கும்."

"அதேதான். வேம்பு தமுக்கடிச்சுக் கூப்பிடுது. நம்ம வெள்ளரி சத்தம் வராத ஊமை."

இப்படிப் பேசிக்கொண்டிருந்த மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், பகவதியின் அண்ணன் சங்கரநயினார் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தார். ஹெட் கிளார்க். அப்பா இறந்தபின் தங்கையை வளர்த்து, சீர் செய்து கட்டிக் கொடுத்தவர். அவர் சட்டைப் பையில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. மைத்துனருக்காக யார் யாரையோ பார்த்து, திரும்பவும் வாங்கி வந்திருந்த உத்தியோக உத்தரவு.

"மாப்பிளே, ஒம்ம பூவை ரெண்டு வருசமாப் பாத்தாச்சு. பூவை வச்சு என்னவே செய்யப் போறீரு? மாலையா கட்டப் போறீரு?"

"இந்தத் தடவை பிடிச்சிரும் அத்தான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீரு. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள அம்பாசமுத்திரத்துல ஜாயின் பண்ணணும். அன்னைக்குக் காலைல வண்டியோட வாரேன். ஒரு கொடி, ஒரே ஒரு கொடியில பிஞ்சு நின்னிருந்தாக் காட்டும், வாயை மூடிட்டுப் போயிருதேன். இல்லன்னா சாமானை ஏத்தும். சம்மதமா?"

சிவராமலிங்கம் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வது? கேட்பவர் அத்தான்.

பகவதி மோர் கொண்டுவந்து நின்றாள்.

"ஏட்டி, இனி ஒனக்கு நிம்மதி. வெயில்ல நின்னு எப்படிக் கருத்துப் போயிட்ட பாரு."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மோரை அண்ணாந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார். குடித்து முடித்ததும், "திங்கக்கிழமை தேருக்கு நம்ம பானக்கப் பந்தலுக்கு வந்திரு. ஆள் பத்தாது," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜெயசிங் ஒரு வழி சொன்னான். புத்தகத்தில் படித்தது. சீமையில் செய்து பார்த்திருக்கிறார்களாம்.

"ஊமைக்கு நாம வாய் குடுப்போம் அண்ணாச்சி. சீனிப்பாகு காய்ச்சி ஆற வச்சு, அதுல வெள்ளரிப் பூவைக் காம்பு இல்லாம நிறையப் போட்டு மூடி வைக்கணும். ரெண்டு மணி நேரத்துல பூ வாசம் பாகுல இறங்கிரும். அதை வடிச்சுப் பொழுது சாயப் பெட்டிக்குள்ள வச்சிருவோம். ராத்திரி குடிச்சுட்டு, 'இந்த வாசம் உள்ள இடத்துல இனிப்பு இருக்கு'ன்னு படிச்சுக்கிடும். விடிஞ்சா நேரா வெள்ளரிதான்."

ஞாயிற்றுக்கிழமை பகவதி பாகு காய்ச்சினாள். ஆண் பூவாகப் பார்த்துப் பறித்து, காம்பைக் கிள்ளி, ஒரு சுளகு நிறையப் போட்டாள். சாயங்காலம் வடிகட்டிய பாகைச் சிரட்டையில் ஊற்றி ஜெயசிங் பெட்டிக்குள் வைத்தான். அவனுக்கு இரண்டு நாளாகக் கடும் தடுமம். மூக்கு இரண்டும் அடைத்து, 'ம' சொன்னால் 'ப' என்று வந்தது. சிவராமலிங்கத்தின் மூக்கோ பொடிக்கு எழுதிக் கொடுத்த சொத்து. வாசத்தை வைத்து நடத்திய அந்தக் காரியத்தில் வேலை செய்யாத மூக்கு நான்கு துவாரம். இது முக்கியம், பின்னால் தெரியும்.

மறுநாள் காலையில்தான் ஆயிரம் பேரும் கோபுரத்தைப் பார்த்துப் பறந்தார்கள்.

"போன ஈ நம்ம ஈதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்றார் சிவராமலிங்கம்.

"பெட்டி வாசல்ல மாவு தூவி விடுவோம். உரசிட்டுப் போகும். எங்க போனாலும் அடையாளம் தெரியும்."

மாவு எடுக்க வீட்டுக்கு ஓடிய பகவதி, கைக்கு அகப்பட்ட குங்குமச் செப்போடு வந்தாள். "வெள்ளை மாவு வெயில்ல தெரியாது. இதைத் தூவுங்க."

"அக்கா, நான் கோயிலுக்குப் போற ஆளு. சர்ச்சுக்கு."

"நீங்க வைக்க வேண்டாம். ஈ வச்சுக்கிடட்டும்."

ஜெயசிங் பலகையில் குங்குமத்தைத் தூவினான். அடுத்து வெளியே வந்த கூட்டம் நெஞ்சும் வயிறும் சிவக்கக் கிளம்பிக் கிழக்கே போயிற்று. ஜெயசிங் சைக்கிளை எடுத்தான். சிவராமலிங்கம் கேரியரில் ஏறினார். பகவதியும் இசக்கித்தாயும் குறுக்கு வரப்பில் நடந்தார்கள்.

ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. தேர் மூலை திரும்புகிற இடத்தில் முரண்டு பிடித்து நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் சன்னத் தடி கொடுத்து நெம்புகிறவர்கள் கத்தினார்கள். வடம் பிடித்தவர்கள் வியர்வை சொட்ட உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் தாகம். வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் வேறொரு இரைச்சல் கேட்டது, மேல வீதி முனையில்.

அங்கே சங்கரநயினாரின் பானக்கப் பந்தல்.

மூன்று அண்டா. கருப்பட்டி கரைத்து, சுக்கு தட்டிப் போட்டு, விளிம்பு வரை நிறைத்த பானக்கம். அண்டா விளிம்பெல்லாம் ஈ. பந்தல் கீற்றில் ஈ. வாளிக் காதில் ஈ. எல்லாவற்றின் மேலும் குங்குமம்.

பந்தல் ஆள் ஒருவன் துண்டை முறுக்கிக்கொண்டு ஓங்கினான்.

"ஏலே, அடிக்காத!" கூட்டத்தில் ஒரு பெண்குரல் கிறீச்சிட்டது. "குங்குமம் வச்சுட்டு வந்திருக்கா பாரு! ஆத்தா கோமதி! தேர் நகராதப்பவே நெனச்சேன்!"

அவ்வளவுதான். துண்டு தோளுக்குப் போயிற்று. செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கற்பூரம் தேடினார். பானக்கம் குடிக்க வந்தவர்கள் பானக்கத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

சங்கரநயினாருக்கு மட்டும் பக்தி வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மைத்துனரையும் பின்னால் ஈ வாத்தியாரையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாப்பிளே! இது ஒம்ம பட்டாளமா?"

"அத்தான், வந்து..."

"என்ன வந்து? வந்திருக்கதுதான் தெரியுதே!" ஆத்திரத்தில் தொண்டை வறண்டது. கையிலிருந்த டம்ளரை வாயில் வைத்தார். டம்ளர் விளிம்பில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா!"

மேல் உதடு கண் முன்னாலேயே பணியாரமாக உப்பியது. அவர் சொல்ல வாயெடுத்த வார்த்தை அச்சில் ஏறாது. ஆனால் சுற்றிலும் நூறு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"குடுத்து வச்ச மனுசன். அம்மனே முத்தம் குடுத்துட்டா!"

சங்கரநயினார் பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் கும்பிட்டார்.

ஜெயசிங் வேலையில் இறங்கினான். பந்தலில் கட்டியிருந்த மாவிலையை உருவிப் பானக்கத்தில் மிதக்கவிட்டு, முங்கிய ஈக்களைக் கரையேற்றினான். ஈர வேட்டியால் அண்டாக்களை மூடினான். யாரோ அவன் கையில் ஒரு டம்ளர் பானக்கம் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் குடித்தான். சுக்கு தலைக்கேறியது. இரண்டு தும்மல். மூன்று நாளாக அடைத்திருந்த மூக்கு பட்டென்று திறந்தது.

முதலில் ஏறிய வாசம் அவனை அப்படியே நிறுத்தியது. டம்ளரை மறுபடி மோந்தான். அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த பகவதியைப் பார்த்தான்.

"அக்கா, நேத்து பாகுல என்னென்ன போட்டிய?"

"சீனி, தண்ணி, பூவு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வழக்கமாப் போடுறதுதான். நாலஞ்சு ஏலக்காய் தட்டிப் போட்டேன்."

"ஏலக்காயா!"

"ஏன் தம்பி கத்துதிய? ஏலக்காய் போடாம யாராவது பாகு காய்ச்சுவாளா? நாலு பேரு கேட்டாச் சிரிப்பா. அதுகளும் நம்ம வீட்டுல மொத மொத கை நனைக்குதுவ. வெறும் சீனித் தண்ணியையா கொண்டு வைக்கது?"

ஜெயசிங் தலையில் கையை வைத்துக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "வெள்ளரிப் பூ ஊமைன்னு சொன்னேன்லா அண்ணாச்சி? அதுக்கு வாய் குடுக்கச் சொன்னா அக்கா அது பக்கத்துல வேட்டுப் போட்டுட்டாக. ஈக்கு வெள்ளரி வாசமே தெரியல, ஏலம்தான் தெரிஞ்சிருக்கு. ஊர்ல ஏலம் எங்க மணக்குதுன்னு தேடுச்சு. தேருக்கு மூணு அண்டா பானக்கம், ஏலம் தட்டிப் போட்டு வச்சிருக்காக."

சிவராமலிங்கம் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. பகவதியோடு வரப்பில் நடந்தார். இசக்கித்தாயை முன்னால் போகச் சொன்னார். பருத்திக் காட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"அம்பாசமுத்திரம் போகணும்னு ஒனக்கு ஆசை இருந்திருந்தா, நேராச் சொல்லிருக்கலாம் பகவதி."

அவள் நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏலக்காயை நான் வேணும்னு போட்டேங்கியளா?"

அவர் பொடி டப்பாவைத் தேடினார்.

"அதை உள்ள வைங்க. வச்சுட்டு என்னையப் பாருங்க. ஒம்பது வருசம் நீங்க ஆபீஸ் போனிய. சாயந்தரம் வீட்டுக்கு வந்தா இந்த டப்பாவைத் திறப்பிய. வாயைத் திறந்தது உண்டா? 'சோறு போடு', 'விளக்கை அமத்து', அவ்வளவுதான். தோட்டத்துக்கு வந்த பெறகுதான் எங்கிட்டப் பேசுதிய. காளை நொண்டுதுன்னு சொல்லுதிய, பூ விரிஞ்சிட்டுன்னு எழுப்புதிய, பிஞ்சு விழுந்துட்டுன்னு எங்கிட்ட வந்து அழுதிய. இதைக் கொடுத்துட்டு எனக்கு அம்பாசமுத்திரம் வேணுமாக்கும்?"

சிவராமலிங்கம் டப்பாவை மடியில் சொருகினார். அவசரத்தில் அது இரண்டு தரம் கீழே விழுந்தது.

"அப்பம், அத்தான் வந்தப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"என்னைய வளத்தவன். அவன் முன்னால எனக்கு இன்னும் வாய் முளைக்கல."

வேகமாக நடக்க ஆரம்பித்தாள். அவர் பின்னால் ஓடினார்.

தோட்டத்தில் ஜெயசிங் பெட்டியின் முன் குந்தியிருந்தான். ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகக் குங்குமம் கலைந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். "மறுபடியும் பாகு வச்சுப் பாக்கலாம். ஆனா ஏலத்தை மறக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்கப்புறம் பூ, பிஞ்சு... வெள்ளிக்கிழமைக்கு ஆகாது அக்கா."

பகவதி வெள்ளரிப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் தம்பி மறக்கச் சொல்லணும்? அதுகளுக்கு ஏலம்தான வேணும். ஏலத்தைக் கொண்டுபோய்க் கொடியில வச்சா?"

ஜெயசிங் நிமிர்ந்தான்.

"புஸ்தகத்துல அப்படி இல்லயேக்கா."

"புஸ்தகம் எழுதுனவன் பாயசம் குடிச்சிருக்க மாட்டான்."

அவன் எழுந்து இரண்டு நடை நடந்தான். திரும்பி வந்தபோது கண் பளபளத்தது. "பூவுல படக்கூடாது. பட்டா மகரந்தம் நனைஞ்சு வீணாப் போயிரும். இலையில மட்டும் தெளிக்கணும். இன்னொண்ணு, வாசத்துக்கு வந்த ஈ பூவுல தேன் இல்லன்னா அப்படியே திரும்பிரும், பெறகு வராது. கொடி நல்லாத் தண்ணி குடிக்கணும். இன்னைக்கே."

அப்புறம் அந்தத் தோட்டத்தில் யாரும் உட்காரவில்லை. வெயில் தாழ்வதற்குள் சிவராமலிங்கம் காளைகளைக் கமலையில் பூட்டினார். காளைகள் சரிவில் இறங்க, தோல் சால் நிறைந்து மேலே வந்து தொட்டியில் கவிழ்ந்தது. பின்னால் ஏற, மறுபடி கிணற்றுக்குள் போயிற்று. இசக்கித்தாய் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை மாற்றினாள். "தேரை இழுக்கப் போகாதவுக எல்லாம் இங்கன இழுக்கோம்," என்றாள். காய்ந்து கிடந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பகவதி சீனி டப்பாவில் மணத்துக்காகப் போட்டு வைத்திருந்த ஏலத்தோலையெல்லாம் பொறுக்கினாள். பலசரக்குக் கடையில் இன்னும் ஒரு பொட்டலம் வாங்கிவர ஜெயசிங்கை அனுப்பினாள். எல்லாவற்றையும் தட்டி, மண்பானையில் கொதிக்கவிட்டு, வாயைத் துணியால் வேடு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுத்ததும், ஆளுக்கொரு வாளி. இசக்கித்தாய் தெளிப்பதற்குக் குழை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏ பாதகத்தி, வேப்பங்குழையா? எந்த வாசத்துக்குப் பயந்து இத்தனை பாடு படுதோம்! தூர எறி!" என்றாள் பகவதி.

மாவிலை வந்தது. இலைக்கு இலை தெளித்தார்கள், பூவைக் கையால் மறைத்துக்கொண்டு. தோட்டமே கல்யாண வீட்டு அடுக்களையாக மணத்தது. ஜெயசிங்குக்கு மணத்தது, பகவதிக்கு மணத்தது. அன்று காலை சிவராமலிங்கத்துக்கும் லேசாக மணத்தது. அவர் பொடி போட்டிருக்கவில்லை.

சூரியன் ஏறியது. பெட்டி வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். மீசையைத் துடைத்துக்கொண்டாள். பறந்தாள். கொடிக்கு மேலே, நேற்றைப் போலவே, ஒரு வட்டம்.

நான்கு பேரும் மூச்சை அடக்கினார்கள்.

இன்னொரு வட்டம், தணிவாக. ஓர் இலையில் இறங்கினாள். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்குமிங்கும் நடந்தாள். இனிப்பைத் தேடுகிறாள். இலையில் இனிப்பு ஏது? விளிம்புக்கு வந்து நின்றாள். பக்கத்தில் பூ.

"போயேன் தாயே," என்றாள் பகவதி, உதடு அசையாமல்.

பூவுக்குள் தலைகீழாக முங்கினாள். பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தாள், அல்லது அவர்களுக்கு அப்படித் தோன்றியது. வெளியே வந்தபோது மூஞ்சியெல்லாம் மஞ்சள். அடுத்த பூவுக்குத் தாவினாள். அது சின்னப் பிஞ்சைச் சுமந்துகொண்டிருந்த பெண் பூ.

"தாலி கட்டியாச்சு!" என்று இசக்கித்தாய் கத்தினாள். அவளே ஒரு குலவையும் போட்டாள்.

எட்டு மணிக்குத் தோட்டம் இரைந்தது. குனிந்தால் காதுக்குள் இரைச்சல். புதன்கிழமை பகவதி மறுபடி ஏலத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஜெயசிங் வேண்டாம் என்றான். "நேத்து போன ஒவ்வொண்ணும் வெள்ளரி வாசத்தை மேல பூசிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கு. தேனோட போயிருக்கு. இனி ஏலம் எதுக்கு? ஊமை பேசிருச்சுக்கா."

அது பேசியது. ஏலமில்லாமலே அன்றும் ஈ வந்தது, மறுநாளும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டிச் சத்தம் கேட்டது. சாமான் ஏற்றுவதற்காகக் கூண்டைக் கழற்றிய மொட்டை வண்டி. சங்கரநயினார் குதித்து இறங்கினார். உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"எங்கவே? காட்டும்."

சிவராமலிங்கம் பாத்திக்குள் இறங்கினார். குனிந்து ஒரு கொடியின் இலைகளை ஒதுக்கினார். வாடிய பூவை நுனியில் வைத்துக்கொண்டு, சுணை சிலிர்க்க, பச்சையாக ஒரு பிஞ்சு தலைகீழாகத் தொங்கியது. கட்டைவிரல் அளவு. சங்கரநயினார் அதைத் தொட்டார். விழவில்லை. லேசாக இழுத்தார். விழவில்லை.

"ஒண்ணு கேட்டேன், ஒண்ணைக் காட்டிட்டீரு. சமத்துதான்," என்று முனகிவிட்டு, தாமே அடுத்த கொடியை ஒதுக்கினார். அடுத்ததையும் ஒதுக்கினார். அப்புறம் குடையைக் கீழே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பாத்தியின் அந்தக் கோடிவரை போய், கையெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்தார். கமலைத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

பெட்டியிலிருந்து ஒருத்தி கிளம்பி அவர் மூக்கருகே வந்தாள். அவர் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டார். அவள் போகும்வரை அசையவில்லை.

"சரிவே," என்றார் பிறகு. பழுப்பு உறையை எடுத்தார். வெள்ளைத்தாள் ஒன்றும் பேனாவும் அவர் பையில் எப்போதும் உண்டு. "உத்தரவைச் சும்மா திருப்ப முடியாது. வேண்டாம்னா காரணம் எழுதணும். நீரு எழுதினா ஒம்ம மாமாவுக்கு எழுதுத மாதிரி எழுதுவீரு. நானே எழுதுதேன், கையெழுத்து மட்டும் போடும்."

கிடந்த குடையை எடுத்து மடியில் போட்டு, அதன் மேல் தாளை வைத்துக்கொண்டு மடமடவென்று இங்கிலீஷில் எழுதினார். ஐயா என்று ஆரம்பித்துக் கனம் பொருந்திய சமூகம் தாண்டிக் காரணத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

"மாப்பிளே, வெள்ளரிக்கு இங்கிலீஷ் குக்கம்பர்தான?"

"குக்கம்பர்தான் அத்தான்."

"எழுத்து? சி-க்கு அப்புறம் யூ-வா, ஓ-வா?"

"யூ-ன்னு நெனைக்கேன்."

"நெனச்சாப் போதுமா? பெரிய துரை கைக்குப் போற காகிதம். ஏ ஜெயசிங், நீ சொல்லுடே."

"எங்க புஸ்தகத்துல பாத்திருக்கேன் அண்ணாச்சி. சரியா ஞாபகம் வரல."

"மூணு பேரும் படிச்ச லட்சணம்!"

பகவதி மோர்ச் செம்போடு வந்து நின்றாள். இந்தத் தடவை செம்பை நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, வெள்ளரிக்குத் தடங்குதுன்னா விட்டுத் தள்ளு. பெண்டாட்டி சம்மதிக்கலன்னு எழுது."

சங்கரநயினார் தலையைத் தூக்கினார். வெயிலுக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா சம்மதிக்கல?"

"நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயேட்டி."

"நீ ஒரு வார்த்தை கேக்கலயேண்ணே."

தொட்டித் தண்ணீரைக் காளை ஒன்று சத்தமாக உறிஞ்சியது. சங்கரநயினார் பேனா முனையைப் பார்த்தார். கையை நீட்டி, அவளிடமிருந்து செம்பைத் தாமே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து எழுதினார். எங்கும் தடங்கவில்லை. ஒரே வரி. அடியில் கோடு போட்டார்.

"அதுக்கு இங்கிலீஷ் எனக்கு நல்லாத் தெரியும்," என்றார், தாளை மைத்துனரிடம் நீட்டியபடி. "கையெழுத்துப் போடும்வே. மை காயுது."